அய்னும் ஊற்றுக்கண்ணும்

பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் 'அய்ன்' என்ற அறபுச் சொல்லின் பொருளைக் கேட்டேன். "நீரூற்று, சேர்" என்றான். படம் வரையச் சொன்னேன். சுற்றுவட்டத்தின் நடுவே குழாயிலிருந்து மேலெழும் நீரை வரைந்தான். பிழை அவனுடையதல்ல. எமது கவிதைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான் புழங்குகிறது.

அறபுமொழி இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. பீய்ச்சியடிக்கப்படுவது 'நாஃபூரா', மிரண்டோடுதலைக் குறிக்கும் 'நஃபர' என்ற வினையடியிலிருந்து வந்தது. நாம் வுழூச் செய்யும் 'ஹவ்ழ்' தேக்கிவைத்த நீர். தானாகச் சுரப்பதே 'அய்ன்'. அதன் முதற்பொருள் கண். கலீல் இப்னு அஹ்மத் 8ஆம் நூற்றாண்டில் தொடங்கிய அறபு அகராதி, அய்ன் என்ற எழுத்தில் ஆரம்பிப்பதால் 'கிதாபுல் அய்ன்' எனப் பெயர்பெற்றது.

கண்ணும் ஊற்றும் ஒரே சொல்லாவது அறபுக்கு மட்டும் உரியதன்று. ஹீப்ரு மொழியின் 'அயின்' அவ்வாறே. பாரசீகத்தில் 'சஷ்ம்' கண், 'சஷ்மா' ஊற்று. தமிழில் ஊற்றுக்கண். கண்ணூறுக்கும் அறபிகள் 'அய்ன்' என்றே சொல்வர். இதைக் கண்டதும் தமிழ் அறபிலிருந்து பிறந்ததென்றோ, அறபு தமிழிலிருந்து பிறந்ததென்றோ கட்டுரை எழுதக் கிளம்புவோர் எம்மிடையே உண்டு. அது தவறு. இவை வெவ்வேறு மொழிக்குடும்பங்கள். மண்ணுக்குள்ளிருந்து நீர் கசிவதைப் பார்த்த மனிதர்களுக்கு ஈரமான கண் நினைவுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒற்றுமை போதாதா?

மூஸா நபிக்காகப் பாறையிலிருந்து பன்னிரண்டு அய்ன்கள் வெளிப்பட்டதைக் குர்ஆன் இரு இடங்களில் கூறுகிறது. அல்பகறாவின் 60ஆம் வசனத்தில் 'இன்ஃபஜரத்', அல்அஃறாஃபின் 160ஆம் வசனத்தில் 'இன்பஜஸத்'. முன்னது பீறிடல், பின்னது கசியத் தொடங்குதல் என்பர் மொழியறிஞர். இரண்டையும் ஒரே தமிழ் வினையால் கடந்துவிடும்போது, பாறை முதலில் கசிந்து பின் பீறிட்ட அந்தக் காட்சியை இழந்துவிடுகிறோம்.

எமது கரையோரத்தாருக்கு இந்த வேறுபாடு புரியாததல்ல. மணலில் பூவல் தோண்டி, கலங்கல் தெளியும்வரை காத்திருந்தவர்கள் நாம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளில் கிணறுகள் உப்பேறின. இத்தகைய மணற்கரைகளில் மழைநீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. பம்பி வைத்து அளவுமீறி இறைத்தால் கீழிருக்கும் உப்புநீர் மேலேறும். மழை பெய்து பெய்தே நீர் மெல்லத் தெளிய வேண்டும்.

இத்தனை அறிந்த நாம், சல்ஸபீலையும் தஸ்னீமையும் கவிதைக்குப் பூச்சரமாகச் சூட்டிவிட்டு, கையிலிருந்த 'ஊற்றுக்கண்'ணை மறந்தோம். அறபுச் சொல் வேண்டாமென்பதல்ல என் வாதம். அதன் பொருளுக்கு நிகராக எமது மண்ணில் ஒரு சொல் இருக்கும்போது அதை முதலில் தேட வேண்டும். அந்த மாணவனிடம் மறுபடி படம் கேட்டால், அவன் தன் வளவிலுள்ள கிணற்றின் அடியை வரைய வேண்டும்.