மூதின் முல்லையும் தோட்டத்து வீடும்

ஒரே குடும்பத்தவர் பலர் ஒரே படையில் நின்று மடிவதை நம் இலக்கியம் நெடுங்காலமாகப் பாடி வருகிறது. புறநானூற்றின் 279ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண்ணின் தமையன் (தந்தை என்று உரை கொள்வாரும் உண்டு) முன்னைப் போரில் விழுந்தான். கணவன் நேற்றைய போரில் விழுந்தான். இன்று அவள் தன் ஒரே மகனை வேல் கொடுத்து அனுப்புகிறாள். இத்துறைக்கு ‘மூதின் முல்லை’ என்று பெயரிட்டனர்.

அப்பாட்டோடு நமக்கு வழக்கில்லை. அது இனக்குழு வாழ்வின் குரல். இன்றைய போர் எழுத்தையும் அதே அளவுகோலால் அளப்போரிடமே நமக்கு வழக்கு. ஒரு வீடு இரண்டு மூன்று பேரைக் களத்துக்கு அனுப்பியது என்றவுடன் தாயின் மறத்தைப் போற்றுகிறார்கள். அந்த வீட்டின் அடுப்பைப் பார்ப்பதில்லை.

உறவினர் சேர்ந்து படையில் நிற்பதற்கு வரலாற்றில் காரணங்கள் உண்டு. 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைப்பிரிவுகள் ஊர்வாரியாகத் திரட்டப்பட்டன. ஆகவே அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் நின்றனர். முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் அக்ரிங்டன் ஊரார் திரட்டிய படையில் 1916 ஜூலை 1 அன்று தாக்குதலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 700 பேர். அவர்களில் 600 பேரளவில் மாண்டோ, காயமுற்றோ, காணாமற்போயோ ஒழிந்தனர். திரட்டும் முறையே ஒரே பகலில் ஓர் ஊரின் வீடுகளை வெறுமையாக்கிவிட்டது. இது மறத்தின் கதையன்று. ஆள் திரட்டும் முறையின் கதை.

ஊவாவின் தோட்டங்கள் இதை நன்கு அறியும். பதுளை, ஹாலி-எல, பசறை மலைகளுக்குக் கங்காணிமார் தம் உறவினரையும் ஊராரையும் குடும்பம் குடும்பமாகவே கூட்டி வந்தனர். விடியலில் பேர் போடும் ‘பெரட்டு’ என்னும் சொல்லே படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்குக் கூறுபோட்டது. 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பிய மலையகக் குடும்பங்கள் பல வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. அங்கே போரின் இறுதி ஆண்டுகளில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக ஆள் திரட்டினர். பின்னர் ஒருவரோடும் அது நிற்கவில்லை. கொழுந்துக்குக் குடும்பமாகத் திரட்டப்பட்டோர் களத்துக்கும் குடும்பமாகவே திரட்டப்பட்டனர்.

எதிரணியில் நின்றவன் யார்? பெரும்பாலும் நிலமும் வேலையும் இல்லாத சிங்கள விவசாயியின் மகன். பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997) திரைப்படத்தில் பார்வையற்ற தந்தை, முத்திரையிட்டு வந்த பெட்டியில் தன் மகன் இருப்பதாக நம்ப மறுக்கிறான். இழப்பீட்டுத் தாளில் கையொப்பமிடாமல் புதைகுழியைத் தோண்டுகிறான். வறுமையும் அரசும் ஒரு குடும்பத்தோடு நடத்தும் பேரத்தை அப்படம் காட்டியது. மூதின் முல்லைக்கு எழுந்த மறுமொழியாகவே அதனை நாம் கொள்கிறோம்.

பதுளை மாவட்டத்திலேயே இரண்டு இடங்கள் நம் எழுத்தாளரை நோக்கி நிற்கின்றன. தியத்தலாவையில் இராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கழகம் இருக்கிறது. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 அக்டோபர் 25 அன்று தமிழ் இளைஞர் 25க்கும் மேற்பட்டோரைக் கும்பலொன்று கொன்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தோரை 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப், ‘குடைநிழல்’ நாவலில் ஐயத்தின்பேரில் கைதாகும் மலையகத் தமிழனைப் படைத்தார். தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ (2016) இயக்கத்தின் உள்ளிருந்தே கேள்வி கேட்டது. இவ்விரு வழிகளும் வன்னிக்குப் போன மலையகக் குடும்பத்தின் வாசலில் வந்து கூட வேண்டும். ஒரு வீட்டில் எத்தனை பேர் மாண்டனர் என்று எண்ணுவதோடு நில்லாமல், அவர்களை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று கேட்கும் நாவலே நமக்கு வேண்டும். அதனை எழுதத் துணியும் இளைஞரைத் துரோகி என்றோ தியாகத்தை இகழ்ந்தவர் என்றோ ஏசாமல் காப்பது, இலக்கியம் கற்பிக்கும் நம் ஆசிரியர்களின் கடமை.