போஸ்ட்வில்: 46 பேர் குறைந்த கதை

ஒரு ஊரைப் பற்றி எழுதப்படும் பிரதிகளிலேயே மிகச் சிறியது அதன் மக்கள்தொகை எண். அமெரிக்காவின் மத்திய மேற்கில் பல சிற்றூர்களின் எல்லையில் பச்சைப் பலகை ஒன்று நிற்கும். மேலே ஊர்ப்பெயர், கீழே எண். எண் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லாதுதான், ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கும். அந்த மௌனத்தை எப்படி வாசிப்பது என்பதே இக்கட்டுரையில் என் அக்கறை.

வடகிழக்கு ஐயோவாவில் போஸ்ட்வில் என்று ஓர் ஊர். சுற்றிலும் மக்காச்சோள வயல், மாட்டுப் பண்ணை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,273 பேர். 2010இல் 2,227. குறைந்தது 46. சில கிழவர்கள் செத்திருப்பாங்க, சில பிள்ளைகள் வேலை தேடிப் பட்டணம் போயிருக்கும், கிராமம்னா அப்படித்தான் என்று நாம் தாண்டிப் போய்விடலாம். ஆனால் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே 2008 மே 12 இருக்கிறது. அன்று காலை மேலே ஹெலிகாப்டர் வட்டமிட, மத்திய அரசின் குடியேற்றத் துறை அக்ரிப்ராசஸர்ஸ் என்ற இறைச்சி ஆலைக்குள் புகுந்து 389 தொழிலாளர்களைக் கைதுசெய்தது. பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள், மீதியில் அநேகர் மெக்சிகோக்காரர்கள். ஊரின் எண்ணோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. ஒரே நாளில் 389 பேரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பத்தாண்டுக் கணக்கிலோ 46தான் குறைகிறது. இந்த இடைவெளிதான் போஸ்ட்வில்.

இந்த ஊரைப் பற்றி ஒரு பிரபலமான புத்தகம் உண்டு. ஐயோவா பல்கலைக்கழகத்தில் இதழியல் பேராசிரியராக இருந்த ஸ்டீபன் புளூம் 2000இல் வெளியிட்ட ‘போஸ்ட்வில்’. துணைத்தலைப்பிலேயே ‘பண்பாடுகளின் மோதல்’ வந்துவிடுகிறது. 1987இல் புரூக்ளின் இறைச்சி வியாபாரி ஆரோன் ரூபாஷ்கின், மூடிக்கிடந்த ஆலையை வாங்கி யூதச் சமய விதிப்படியான கோஷர் இறைச்சி தயாரிக்கிறார். லுபாவிச் ஹசிதிய யூதக் குடும்பங்கள் வந்து குடியேறுகின்றன. ஏற்கெனவே இருந்த லூத்தரன் கிறிஸ்தவர்களுக்கும் இவர்களுக்கும் உரசல். ஆலை நிலத்தை ஊரோடு இணைப்பதா என்று 1997இல் வாக்கெடுப்பு. தானும் ஒரு யூதராக இருந்துகொண்டு, தான் எந்தப் பக்கம் என்று புளூம் தன்னையே கேட்டுக்கொள்கிறார். கூர்மையான எழுத்து, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையாடலின் மையத்தில் இருப்பது யார் யாரோடு பழகுகிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான். ஆலைக்குள் கத்தி பிடித்து நின்றவர்கள் பிரதியில் வருகிறார்கள், போகிறார்கள். மோதிக்கொள்ள இரண்டு ‘பண்பாடுகள்’ போதும் என்றாகிவிட்ட பிறகு மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை? அவன் வேலைதான் செய்துகொண்டிருந்தான்!

இது புளூமோடு தொடங்கியதல்ல. சிற்றூரின் போலித்தனத்தைக் கிழித்ததாகக் கொண்டாடப்படும் சிங்க்ளேர் லூயிஸின் ‘மெயின் ஸ்ட்ரீட்’ (1920) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த மின்னசோட்டாவின் சாக் சென்டர்தான் அங்கே கோஃபர் ப்ரெய்ரியாக மாறியிருக்கிறது. படித்த கரோலுக்கு ஊர் மூச்சுமுட்டுகிறது; நாவல் முழுக்க அந்த மூச்சுமுட்டல்தான். கரோல் வீட்டில் வேலைசெய்த பேயா என்ற பெண்ணோ, பின்னால் தன் பிள்ளையோடு டைஃபாய்டில் சாகிறாள். அந்த மரணமும் கரோலின் மன வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவே வந்துபோகிறது. ஊரை வெறுக்கும் எழுத்தும் சரி, கொஞ்சும் எழுத்தும் சரி, ஊர் என்றால் யார் என்ற கேள்வியில் ஒரே வேலியைத்தான் போட்டிருக்கின்றன.

சரி, அந்த மூன்றாவது ஆள் போஸ்ட்வில்லுக்கு எப்படி வந்தான்? இதற்குப் பண்பாட்டில் விடை இல்லை. சிகாகோ போன்ற பெருநகரங்களில் சங்கம் கட்டி நல்ல கூலி வாங்கிய தொழில் இது. ஐபிபி என்ற நிறுவனம் 1961இல் ஐயோவாவின் டெனிசனில் ஆலை திறந்து, மாடு இருக்கும் இடத்துக்கே கசாப்பைக் கொண்டுபோனது. முழு மாட்டையும் வெட்டத் தெரிந்தவன் தேவையில்லை. ஓடும் வரிசையில் ஒரே வெட்டை நாள்பூரா வெட்டுகிறவன் போதும் என்றானது. கைத்திறன் போனது, கூலியும் போனது. மின்னசோட்டாவின் ஆஸ்டினில் ஹார்மெல் நிறுவனம் மணிக்கு 10.69 டாலராக இருந்த கூலியை 8.25க்கு இறக்கியபோது 1985இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாய்ச்சங்கமே அவர்களைக் கைவிட்டது, தோற்றார்கள். அதே காலத்தில் விவசாய நெருக்கடி. 1980க்கும் 1990க்கும் இடையில் ஐயோவா சுமார் 1,37,000 பேரை இழந்தது. ஆள் இல்லாத ஊர், சங்கம் இல்லாத ஆலை, உள்ளூர்க்காரன் வர மறுக்கும் கூலி. ‘பண்பாடு’ வந்து மோதுவதற்கு முன்பே மேடை தயாராக இருந்தது.

பிடித்தவர்களை வாட்டர்லூ நகரின் கால்நடைக் கண்காட்சித் திடலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த நடன மண்டபமே நீதிமன்றமானது. விலங்கு பூட்டிப் பத்துப் பத்துப் பேராக நிறுத்தி விசாரணை. மற்றொருவரின் அடையாளத்தைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. அதற்குக் குறைந்தது இரண்டாண்டுச் சிறை. சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐந்து மாதம், பிறகு நாடுகடத்தல். யோசிக்க ஏழு நாள். சுமார் 270 பேருக்கு ஐந்து மாதம் விழுந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வெளியே விடப்பட்ட தாய்மார்களின் கணுக்காலில் மின்னணுப் பட்டை. வேலைக்கும் போகக் கூடாது, ஊரைவிட்டும் போகக் கூடாது. கத்தோலிக்கத் தேவாலயம்தான் சோறு போட்டது.

இந்தக் கூத்தை உள்ளேயிருந்து பார்த்த ஒருவர் எழுதினார். எரிக் காமாய்ட்-ஃப்ரெய்க்ஸாஸ், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். இந்தத் தொழிலில் இருப்பவர் கண்ணாடி மாதிரி இருக்கணும், சொந்த வாய் கூடாது என்பது விதி. அவர் அதை மீறி 2008இலேயே ஒரு கட்டுரை எழுதினார். நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். கைதானவர்களில் பலர் மாயா இனப் பெயர்கொண்ட, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்கள். சமூகப் பாதுகாப்பு எண் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் என்கிறார். எண்ணைத் திருடியதாக வழக்கு. எண் என்னவென்றே தெரியாது! புளூமின் முழுப் புத்தகத்தைவிட இந்தச் சிறு கட்டுரையை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம், இங்கே ஆலைத் தொழிலாளி பின்னணி அல்ல, முன்னணி. அந்த எண் வேறொரு நிஜ மனிதருடையது என்று குற்றவாளிக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என 2009 மே மாதம் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதற்குள் ஐந்து மாதம் கழிந்து, ஆட்கள் கடத்தப்பட்டுவிட்டார்கள்.

இங்கே சில தோழர்கள் ‘முதலாளியின் பேராசைதான் காரணம்’ என்று முடித்துவிடுவார்கள். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அந்த முதலாளி யூதன் என்ற பழைய விஷம் சந்தடியில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்; கோஷர் அல்லாத ஆலைகள் அத்தனையும் தப்பித்துக்கொள்ளும். ஆலையை நடத்திய ஷோலம் ரூபாஷ்கினுக்கு 2010இல் 27 ஆண்டுச் சிறை கிடைத்தது உண்மை. எதற்கு? வங்கியை ஏமாற்றியதற்கு. குடியேற்ற வழக்கு கைவிடப்பட்டது. சிறுவர்களை வேலைக்கு வைத்த குற்றச்சாட்டில் ஜூரி அவரை விடுவித்தது. 2017 டிசம்பரில் டிரம்ப் தண்டனையைக் குறைக்க, அவர் வெளியே வந்தார். சட்டத்தின் கண்ணுக்கு வங்கியின் பணம் தெரிந்தது.

ஆலை 2008 நவம்பரில் திவாலாகி, அடுத்த ஆண்டு கைமாறி வேறு பெயரில் ஓடத் தொடங்கியது. போனவர்களின் இடத்துக்குச் சோமாலியர்கள் வந்தார்கள், பசிபிக் தீவான பலாவிலிருந்துகூட ஆள் கொண்டுவந்தார்கள். 46இன் ரகசியத்தில் பாதி இதுதான். ஆட்களை மாற்றிக்கொண்டே இருக்கும்வரை எண் அவ்வளவாக அசையாது. ஆளை அப்புறப்படுத்திவிட்டுக் கணக்கைத் தொடங்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. இப்பகுதியில் வாழ்ந்த ஹோ-சங்க் மக்களை 1848இல் ராணுவக் காவலோடு மின்னசோட்டாவுக்கு ஓட்டினார்கள். அதற்குப் பிறகு வந்து குடியேறியவர்கள்தான் புத்தகங்களில் ‘உள்ளூர்க்காரர்கள்’.

2020 கணக்கெடுப்பில் போஸ்ட்வில்லின் எண் 2,503. சுற்றுவட்டாரச் சிற்றூர்கள் பல தேயும்போது இது வளர்கிறது. பன்முகப் பண்பாட்டின் வெற்றி என்று எழுத ஆளும் இருக்கிறது. எழுதட்டும். நாம் கேட்க வேண்டியது வேறு. இந்த 2,503இல் யார் எந்த வேலையில், எந்தக் கூலிக்கு, யாருடைய பெயரில் நிற்கிறார்கள்? அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் அவர்களில் யாரை, எந்தத் திடலுக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள்? இதைக் கேட்காத இலக்கியம், எத்தனை நுட்பமாக இருந்தாலும், அந்தப் பச்சைப் பலகைக்கு எழுதிய நீண்ட உரைதான்.