ஒரே முற்றத்தில் இரு சுபாவங்கள்

நாய் வளர்க்க விரும்புவோர் ஒரு குட்டிக்குப் பதிலாக இரண்டை ஒரே சமயத்தில் வாங்கி வந்து, நாம் வேலைக்குப் போன பிறகு ஒன்றுக்கு மற்றொன்று துணையாயிருக்கும், தனித்துக் கிடந்து ஏங்காது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் நகரத்து வீடுகளில் சகஜமாகிவிட்டது. அந்தச் சமாதானத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்தத் துணையால் லாபம் அடைவது யார், அதற்கு விலை கொடுப்பது யார் என்ற கேள்வியை, இரண்டும் ஒத்த சுபாவமுள்ளவையாயிருந்தால் ஒருவாறு ஒதுக்கிவிடலாம். ஒன்று ஓட்டத்துக்கென்றே பிறந்து, மற்றொன்று உறக்கத்தையே பெரும்போகமாகக் கருதுமானால் ஒதுக்க முடியாது.

சிப்பிப்பாறைக் குட்டியும் பக் குட்டியும் சேர்ந்து வளரும் வீட்டை உதாரணமாகக் கொள்வோம். பெரியவர்கள் ஊர்ப் பெருமைக்காக முன்னதையும், பிள்ளைகளின் பிடிவாதத்துக்காகப் பின்னதையும் வாங்கும் குடும்பங்களில் இச்சேர்க்கை எளிதில் நேர்ந்துவிடுகிறது. முன்னது நம் தென் மாவட்டத்துக் காடுகளில் முயலைக் கண்டு துரத்திப் பிடிப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுக்கப்பட்ட வம்சம். பின்னது சீனத்து அரண்மனைகளில் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்று வளர்க்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கைப்பேசி விளம்பரத்துக்குப் பிறகு நம் நாட்டில் திடீர் மோகத்துக்கு ஆளான இனம். மனிதரைப் போல மேனியெல்லாம் வியர்த்து உஷ்ணம் தணியும் வசதி நாய்க்குக் கிடையாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது தன் வெப்பத்தைப் பெரிதும் கழித்தாக வேண்டும். பக்கின் சப்பை மூக்கும் குறுகிய சுவாச வழியும் அந்த ஒரு மார்க்கத்தையும் அரைகுறையாக்கிவிட்டன. ஆகவே இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தைச் சோம்பல், சுறுசுறுப்பு என்று குணத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது நியாயமாகாது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இவ்வழக்கத்தின் சிறப்புகளில் தலையாயது, மனிதனால் எளிதில் கற்பிக்க முடியாத ஒரு பாடத்தைக் குட்டிகள் ஒன்றுக்கொன்று கற்பித்துக்கொள்வதாகும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி, தன் தோழன் வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும் அந்தக் கணத்தில்தான் தெளிவாக அறிகிறது. உருவில் பெரிய குட்டி, தானே மல்லாந்து படுத்துச் சிறியதற்கு வெற்றியை விட்டுக்கொடுப்பதும் உண்டு. அந்த நாகரிகத்தைக் காணும்போது இவ்வழக்கத்தைக் குறைகூற மனம் வருவதில்லை.

ஆயினும் ஒரு நண்பர் இல்லத்தில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். சிவப்புச் சிமிட்டித் தரையின் குளிர்ச்சியில் வயிற்றைப் பரப்பிக் கிடந்தது பக். சிப்பிப்பாறை முன்னங்கால்களை நீட்டித் தாழ்ந்து, பின்புறத்தை உயர்த்தி விளையாட அழைத்துவிட்டு, விடை வருமுன்னரே பாய்ந்து அதன் கழுத்து மடிப்பைக் கவ்வி இழுத்தது. சிறிது நேரம் ஈடுகொடுத்த பக், பிறகு கர்கரவென்ற மூச்சோடு கட்டிலடியில் போய் ஒண்டிக்கொண்டது. ‘ரெண்டும் என்னமா விளையாடுது பாருங்க’ என்று வீட்டார் பூரித்தார்கள். பாய்ந்ததைப் பிடித்து நிறுத்தினால் மற்றது தானே அதனிடம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது, விளையாட்டையும் துன்புறுத்தலையும் பிரித்தறியப் பயிற்சியாளர்கள் கையாளும் சுலபமான சோதனை. அவ்வாறு பிடித்துப் பார்த்தோம். கட்டிலடியிலிருந்து மூக்குக்கூட வெளியே வரவில்லை.

இங்கேதான் இவ்வழக்கத்தின் ஆழமான குறை இருப்பதாக நான் கருதுகிறேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கண், ஒன்றை மற்றொன்றால் அளக்கத் தொடங்கிவிடுகிறது. ஓடுவது ‘வாலு’ என்றும், கிடப்பது ‘சமர்த்து’ என்றும் பட்டம் பெறுகின்றன. தனியே வளர்ந்திருந்தால் தன் வயதுக்கும் வம்சத்துக்கும் ஏற்ற சாதாரணக் குட்டியாகவே தோன்றியிருக்கும் சிப்பிப்பாறை, அடக்கப்பட வேண்டிய உபத்திரவமாகிறது. பக்கின் களைப்பும் பயமும், சில சமயம் நோயும்கூட, சமர்த்து என்ற புகழுரைக்குள் மறைந்துபோகின்றன. நம் வீடுகளில் அண்ணன் தம்பிகளுக்கும் இதே அநியாயம் நடப்பதுண்டு; அது வேறு கட்டுரைக்குரிய விஷயம்.

காலத்தின் கணக்கும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்தில் ஐந்து இன நாய்களை நெடுங்காலம் ஆராய்ந்து ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் 1965-இல் வெளியிட்ட நூல், குட்டி பிற ஜீவன்களோடு உறவு கொள்ளக் கற்கும் முக்கியப் பருவம் ஏறத்தாழ 3-ஆவது வாரம் முதல் 12-ஆவது வாரம் வரை என்று கூறுகிறது. எட்டாவது வாரத்தில் வீடு வந்து சேரும் குட்டிக்கு அப்பருவத்தில் எஞ்சியிருப்பது சொற்பம். அதையும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று புரண்டே கழித்துவிட்டால், மனிதனின் குரலுக்குச் செவிசாய்க்கும் பழக்கம் பின்தங்குகிறது. சேர்ந்து வளரும் குட்டிகள் எப்போதும் கெட்டுப்போகும் என்று சில பயிற்சியாளர்கள் அச்சுறுத்துவது மிகை. கெடுவது பெரும்பாலும் எஜமானனின் கவனம் பாதியாவதால்தான்.

உணவு விஷயம் சற்று வேடிக்கையானது. சிப்பிப்பாறை நாலு வாய் தின்றுவிட்டு ஏதோ சப்தம் கேட்டு ஓடிவிட, அதன் தட்டையும் பக் நிதானமாகக் காலி செய்துவிடுகிறது. ஓடுவது மெலிய, ஓடாதது பெருக்க, பெருத்த உடம்பு ஏற்கெனவே திணறும் மூச்சை மேலும் நெருக்குகிறது.

ஆகவே தனித் தட்டும், தனி உலாவும், தனிப் பயிற்சியும் தர ஆள் உள்ள வீட்டுக்கு இவ்வழக்கத்தை நான் மறுக்கமாட்டேன். விடியற்காலையில் ஒருவர் சிப்பிப்பாறையை மைதானத்தில் ஓடவிட, மற்றொருவர் பக்கைத் தெருக்கோடி வரை நடத்திக் கூட்டிவரலாம். ஒருவரே எல்லாம் பார்க்கும் வீட்டில், முதற்குட்டி ஒரு வயதைக் கடந்து சொன்ன சொல் கேட்கும் நிலைக்கு வந்த பின்னர் இரண்டாவதைப் பற்றி யோசிப்பதே விவேகம். அப்போதும் மூத்தது சிப்பிப்பாறையானால், அதன் வளர்ந்த கால்களுக்கிடையே பக் குட்டியை இறக்கிவிடுமுன், நடுவே சாத்திவைக்க ஒரு கதவோ தட்டியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.