தவக்காலம் என்னும் சொல்லும் கிறித்தவ நோன்பின் உட்பொருளும்

இயேசுவின் உயிர்த்தெழுதல் பெருவிழாவுக்கு முன்வரும் நாற்பது நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலம் என்பர். சீர்திருத்தச் சபையினருள் பலர் லெந்து நாட்கள் என்று அயற்சொல்லையே தமிழ் ஒலியில் வழங்குவர். பின்னது தமிழர் செவிக்குப் பொருள் எதனையும் உடன்கொண்டு வராத சொல். முன்னதோ ஒரு நெடிய மரபைச் சுமந்தே வருகின்றது. அச்சுமை கிறித்தவ நோன்பின் பொருளைத் துலக்குகின்றதா, மறைக்கின்றதா என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா. எல்லாச் சமயங்களிலும் நோன்பு உண்டு, யாவும் ஒன்றே என்று ஒப்பீட்டுக் கட்டுரைகள் பல முடித்துவிடுவதால் இவ்வினா எழாமலே போகின்றது. வகுப்பறையில் நாமும் அவ்வாறு சொல்லிக் கடந்ததுண்டு.

தவம் என்னும் சொல்லுக்கு நம் மரபில் இரு முகங்கள் உள. திருக்குறளின் 27ஆம் அதிகாரத்திலேயே இரண்டையும் காணலாம். தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமையுமே தவத்தின் வடிவம் என்கிறது 261ஆம் குறள். பகைவரை அழித்தலும் நண்பரை உயர்த்தலும் தவத்தால் கைகூடும் என்கிறது 264ஆம் குறள். முன்னது பொறை, பின்னது ஆற்றல். புராணங்கள் பெரிதும் விரித்துரைத்தது இந்த ஆற்றலையே. இரணியனும் இராவணனும் தம்மை வருத்தித் தவம் இயற்றினர்; தெய்வம் தோன்றியது; வரம் கிடைத்தது. பொதுமக்கள் நினைவில் தவம் என்றதும் தோன்றுவது இக்காட்சியே எனலாம்.

இக்காட்சியை நற்செய்தி நூல்கள் கூறும் பாலைவன நிகழ்ச்சியோடு வைத்து நோக்குதல் வேண்டும். தவக்காலத்துக்கு மூலமாவது இயேசு நாற்பது நாள் உண்ணாதிருந்த அந்நிகழ்ச்சியே. மத்தேயுவும் லூக்காவும் தத்தம் நூலின் நான்காம் அதிகாரத்தில் இதனை விரித்துரைக்கின்றனர். நோன்பின் முடிவில் ஒருவன் வருகின்றான். கல்லை அப்பமாக்கலாம் என்கின்றான். உலகின் அரசுகள் அனைத்தையும் தருவதாகச் சொல்கின்றான். வடிவத்தில் இது வரமளிக்கும் காட்சியே. ஆயின் இங்கு வரத்தோடு வருபவன் அலகை. நோற்றவர் அதனை ஏற்க மறுக்கின்றார். புராணத் தவம் எவ்விடத்தில் நிறைவெய்துகின்றதோ, அவ்விடத்தில் இந்நோன்பு திரும்பிக்கொள்கின்றது. பசி ஆற்றலைத் தரவில்லை. தரப்பட்ட ஆற்றலை வேண்டாம் எனச் சொல்லும் தெளிவைத் தந்தது. ஆகவே தவக்காலம் என்பதிலுள்ள தவத்தை 261ஆம் குறளின் பொருளிலேயே கொள்ளல் வேண்டும். 264இன் பொருளில் கொள்ளின் அந்நோன்பு தலைகீழாகிவிடும்.

அப்பொருளும் முற்றும் போதுமானதன்று. பொறுத்தல், துன்பம் செய்யாமை என்பவற்றோடு கொடுத்தலும் இந்நோன்பின் பகுதியாகும். பசித்தவனோடு உணவைப் பகிர்தலே இறைவன் விரும்பும் நோன்பு என்னும் கருத்து எசாயாவின் 58ஆம் அதிகாரத்தில் உள்ளது. கி.பி. 387இல் அந்தியோக்கியா நகரத்தார் பேரரசரின் சிலைகளை உடைத்துவிட்டுத் தண்டனைக்கு அஞ்சியிருந்த தவக்காலத்தில், புலாலை நீக்கிவிட்டு உடன்பிறந்தாரைக் கடித்துண்பதால் பயனென்ன என யோவான் கிறிசோஸ்தோம் கேட்டார். உண்ணாது மீத்ததை ஏழைக்கு அளிக்குமாறு ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் லியோ வற்புறுத்தினார்.

நடைமுறையில் இந்நோன்பு கடுமையானதன்று. சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாள். ஞாயிறு ஆறும் உயிர்ப்பின் நாளாதலால் அவை நீங்க 40. கத்தோலிக்கருள் 18 அகவை முதல் 60ஆம் அகவையின் தொடக்கம் வரை உள்ளோர்க்குச் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியுமே கட்டாய நோன்பு நாட்கள். ஆறாம் பவுல் 1966இல் வெளியிட்ட ஆணைக்கு முன்னர் நோன்பு நாட்கள் மிகுதியாக இருந்தன. முழு உணவு ஒரு வேளைக்கே என்னும் இவ்வழக்கத்தை முன்னோர் ஒருசந்தி என்றனர்; புலால் நீக்குதலைச் சுத்தபோசனம் என்றனர். ஒருசந்தி என்பது இந்துக்களும் வழங்கிய சொல். நம்மவர் வீடுகளில் கேட்கும் ஒருபொழுது என்பதன் உடன்பிறப்பு. ஆரவாரமற்ற அச்சொல் அருகி வருவது இழப்பே என்பது நம் கருத்து. உண்ணாவிரதம் என்றால் இன்று கோரிக்கைப் பந்தல் அன்றோ நினைவுக்கு வருகின்றது!

பந்தலுக்கு நேர்மாறானது இந்நோன்பு. மத்தேயு ஆறாம் அதிகாரம், நோற்பவர் தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிப் பிறர் அறியாதவாறு நோற்கப் பணிக்கின்றது. வியப்பு யாதெனில், சாம்பல் புதன் வழிபாட்டில் இப்பகுதியே படிக்கப்படுகின்றது. மறையுரை முடிந்ததும் நெற்றியில் சாம்பல் இடப்படுகின்றது. முகத்தைக் கழுவு என்று கேட்ட காதின் ஈரம் காயுமுன் முகத்தில் கறை! இம்முரண் தற்செயலானது என்று நாம் எண்ணவில்லை. மறைவாக நோற்பதைக்கூட ஒரு பெருமையாக்கிக்கொள்ளும் மனத்துக்கு, நீ மண் என்று அச்சாம்பல் சொல்கின்றது. முந்திய ஆண்டின் குருத்தோலை ஞாயிற்றில், வெற்றி முழக்கத்தோடு ஏந்திய ஓலைகளை எரித்தே அது பெறப்படுகின்றது.

இந்நாளுக்குக் கத்தோலிக்கரின் பழைய வழக்கு விபூதிப் புதன். திருநீற்றுப் புதன், சாம்பல் புதன் என்பன பின்னர்ப் பெருகியவை. சைவர்க்கு நீறு திருவருளின் சின்னம். யாவும் சாம்பலாவதன் நினைவூட்டலும் ஆகும். அவ்வகையில் திருநீறு என்பது இரு சமயத்தாரும் சந்திக்கும் சொல்லே. விபூதி என்னும் வடசொல்லோ பேராற்றல், செல்வம் என்னும் பொருள்களும் உடையது. பாலைவனத்தில் மறுக்கப்பட்டவை அவையே. ஆதலின் மூன்றனுள் சாம்பல் என்னும் எளிய சொல்லையே நாம் தேர்வோம்.