பெயர் ஒருவருடையது, புட்டி வேறொருவருடையது

1924-இல் 'பர்ஃபாம் ஷனெல்' நிறுவனம் உருவானபோது, 70 விழுக்காடு பங்கு வெர்த்தைமர் சகோதரர்களுக்குப் போனது. அவர்களை அறிமுகப்படுத்திவைத்த கலேரி லஃபாயத் கடை அதிபர் தியோஃபில் பாதேருக்கு 20. புட்டியில் பெயர் பொறிக்கப்பட்ட கப்ரியேல் ஷனெலுக்கு மீதி 10. ஆடை நிறுவனங்கள் வாசனைத் திரவியம் விற்கும் வழக்கத்தை எடைபோட இந்தப் பங்குக் கணக்கு போதும்.

வழக்கத்தைத் தொடங்கியவர் ஷனெல் அல்ல. பாரிஸின் இன்னொரு தையற்கலைஞர் போல் புவாரே 1911-லேயே வாசனைத் திரவியம் விற்றார். ஆனால் அதற்கு மகள் ரோசினின் பெயரை வைத்தார். 1929-இல் அவருடைய ஆடையகம் மூடப்பட்டது. ஷனெல் 1921-இல் வெளியிட்ட 'எண் 5'-க்குத் தன் பெயரையே கொடுத்தார். வணிகத் தந்திரம் என்று பார்த்தால் இதற்கு இணையானது குறைவு.

அந்த மணத்தை உண்டாக்கியவர் எர்னெஸ்ட் போ. மாஸ்கோவில் பிறந்து, அங்கே ராலே நிறுவனத்தில் வேலை பார்த்து, ரஷ்யப் புரட்சிக்குப் பின் பிரான்ஸ் வந்து சேர்ந்தவர். ஆல்டிஹைடு என்ற செயற்கைப் பொருளை அவர்தான் முதலில் பயன்படுத்தினார் என்பது கட்டுக்கதை. ஊபிகான் நிறுவனம் 1912-லேயே அதைக் கலந்திருந்தது. போ அளவைத் துணிந்து கூட்டினார். சலவைத் துணியின் பளிச்சென்ற சுத்தம் மேலே எழ, கீழே மல்லிகையும் ரோஜாவும் கனத்து நிற்கும். இவ்வளவு செய்தவரை வாசனைத் துறைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

வழக்கத்தின் பலம் போர்க்காலத்தில் தெரிந்தது. 1939-இல் ஷனெல் ஆடையகத்தை மூடினார். 15 ஆண்டுகள் புதிய ஆடைத் தொகுப்பு எதுவும் வரவில்லை. பெயரை உயிரோடு வைத்திருந்தது புட்டிதான். பாரிஸ் விடுதலையானதும் அமெரிக்கச் சிப்பாய்கள் காம்போன் தெருக் கடையில் வரிசையில் நின்றது இதற்காகத்தான். 1954-இல் ஆடையகம் மீண்டும் திறக்கப் பணம் கொடுத்தவர் பியர் வெர்த்தைமர். உடையை வாசனை தாங்கியது. விளம்பரங்களோ இதைத் தலைகீழாகச் சொல்லும்.

அவை சொல்லாத இன்னொன்றும் உண்டு. வெர்த்தைமர்கள் யூதர்கள். 1941-இல், நாஜி ஆக்கிரமிப்பின்போது, யூதர் சொத்தைப் பறிக்கும் சட்டத்தைக் காட்டி நிறுவனத்தைத் தன்வசமாக்க ஷனெல் முயன்றார். ஆபத்தை முன்பே உணர்ந்த சகோதரர்கள் பங்குகளை ஃபெலிக்ஸ் அமியோ என்பவர் பெயருக்கு மாற்றியிருந்ததால் அது பலிக்கவில்லை. 10 விழுக்காட்டு ஒப்பந்தம் ஷனெலுக்கு அநியாயமாகப் பட்டிருக்கலாம். அதற்காக இந்த வழியை நியாயப்படுத்த முடியாது. பெண் விடுதலையின் அடையாளமாக அவரை விற்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் கடந்துவிடுகிறார்கள்.

குறை சொன்ன கையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பியர் கார்தேன் பெயர் கண்ட கண்ட பொருள்களிலெல்லாம் உரிமம் பெற்று ஒட்டப்பட்டது. ஷனெல் அப்படிச் சிதறவில்லை. போ, ஆன்ரி ரோபேர், ஜாக் போல்ஜ், அவருடைய மகன் ஒலிவியே என நூறாண்டில் நான்கே தலைமை வாசனைக் கலைஞர்கள். பிரான்ஸின் கிராஸ் நகருக்கு அருகே பேகோமாவில் மல்லிகை பயிரிடும் முல் குடும்பத்தோடு 1987 முதல் நீண்டகாலக் கூட்டு. வீட்டுமனைகளுக்கு இரையாகிவந்த அந்த வட்டாரத்தில் பூ வயல்கள் எஞ்சியதில் இதற்குப் பங்குண்டு.

மாறாத மணம் என்ற பெருமையைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தக் கால நைட்ரோ கஸ்தூரிச் சேர்மங்கள் சில தடைசெய்யப்பட்டுவிட்டன, சிலவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. புனுகும் செயற்கைக்கு மாறிவிட்டது. மாற்றம் தவறல்ல, மறைப்பதுதான் தவறு.

மதுரை, சத்தியமங்கலம் பக்கத்து மல்லிகையின் சாறும் உலக வாசனைத் தொழிலுக்குப் போகிறது. ஆனால் நம் விவசாயிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அன்றைய சந்தை விலை. முகூர்த்த நாளில் ஏறும், மறுநாள் சரியும். ஷனெலிடமிருந்து மற்ற நிறுவனங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது பேகோமா ஒப்பந்தத்தை. எல்லோரும் எடுத்துக்கொண்டதோ பெயரை ஒட்டும் வித்தையை.