விகிதத்தின் விலை

சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீட்டை விற்கப் போகிறவர் இடம், மாடி, மிச்சமுள்ள குத்தகை ஆண்டுகளோடு இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும்: அந்த புளோக்கின் இனக் கணக்கு. 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்ததிலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு இன உச்சவரம்பு உண்டு. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25. ‘இந்தியர், பிறர்’ 13, இது 2010இல் 15 ஆனது. கொள்கையை அறிவித்த அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் தமிழர்.

இனங்கள் தனித்தனியே திரளும் என்ற அன்றைய அச்சத்தில் நியாயம் இருந்தது. 1964 இனக் கலவரங்கள் நினைவில் இருந்து அகலவில்லை. கம்பங்கள் எனப்படும் கிராமக் குடியிருப்புகளைக் கலைத்துக் கலந்து குடியமர்த்திய மக்கள், மறுவிற்பனை வழியாக மெல்லத் தம்மவர் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பிடோக்கில் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர் எனத் திரட்சி தெரிந்தது. நாட்டில் வசிப்போரில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டினர் கழக வீடுகளில் இருப்பதால், வீட்டைக் கலந்தால் பள்ளியும் உணவங்காடியும் தானாகக் கலக்கும். அமெரிக்க நகரங்களில் 1930களில் கறுப்பர் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, கடனுக்கு ஆகாதவை என ஒதுக்கினார்கள். அப்படி ஒதுக்க ஒரு தனிப் பகுதியே இங்கு உருவாகவில்லை. இதைச் சின்ன சாதனை என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் ஒரு சீனர் வாங்க வேண்டுமென்றால், விற்பவரும் சீனராக இருக்க வேண்டும். அங்கே வீடு வைத்திருக்கும் தமிழருக்கு மக்கள்தொகையில் முக்கால் பங்கினர் வாங்குவோர் பட்டியலிலிருந்தே போய்விடுகிறார்கள். மிஞ்சிய சிலருக்காகக் காத்திருக்க வேண்டும், இல்லையேல் விலையைக் குறைக்க வேண்டும். இந்தியர் வரம்பு நிறைந்த இடத்தில் விற்கும் சீனருக்கோ, இழப்பது சிறு கூட்டத்தைத்தான். விதி எல்லோருக்கும் ஒன்று, வலி ஒன்றல்ல. சமமாக நடத்துவதும் நியாயமாக நடத்துவதும் பிரியும் இடம் இதுதான்.

2021இல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி இதை நாடாளுமன்றத்தில் எழுப்பியது. மறு ஆண்டு, விற்க முடியாமல் தவிக்கும் உரிமையாளர்களின் வீட்டை நிபந்தனைகளுடன் கழகமே வாங்கிக்கொள்ளும் என்றது அரசு. சுமை சிறுபான்மையினர் மேல் கூடுதலாக விழுகிறது என்ற ஒப்புதலாகத்தான் இதைப் படிக்கிறேன். ஆனாலும் விலையைக் குறைத்து எப்படியோ விற்றுவிட்டவருக்கு அதனால் என்ன பயன்? கலப்பு பொதுநலம் என்றால், அதனால் வரும் விலைக்குறைவும் பொதுச் செலவாக இருக்க வேண்டும். வரம்பை எடுத்துவிடச் சொல்லவில்லை. எடுத்தால் பழைய திரட்சிகள் திரும்பும் என்றே தோன்றுகிறது. கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கணக்குக்கு எட்டாத இடங்களும் உண்டு. அறை வாடகைக்கு எனும் விளம்பரத்தில் ‘இந்தியர் வேண்டாம்’ என்று எழுதியவர், அதே மின்தூக்கியில் இந்தியரோடு தினமும் இறங்கி ஏறுபவராகவும் இருக்கலாம். இனப் பெட்டிகளோ இன்னும் முரடானவை: பஞ்சாபியர், தமிழர், யுரேசியர் எல்லோரும் ஒரே பெட்டியில். 2011 முதல் கலப்புமணப் பிள்ளைகள் இரட்டை இனம் பதியலாம், சீனர்-இந்தியர், இந்தியர்-சீனர். வீடு வாங்கும்போது முதலில் நிற்கும் சொல் மட்டுமே கணக்கில் சேரும்.