கேபிளை வெட்டலாமா? ரமண நகரில் ஒரு ஃபயர் டிவி ஸ்டிக்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் டிவி தெரியவில்லை என்று போன் போட்டால், கேபிள்காரர் முதலில் கேட்பது, “குரங்கு வந்துச்சா சார்?” என்றுதான். மாடிக்கு மாடி தொங்கும் ஒயரைப் பிடித்து ஆடிவிட்டுப் போய்விடும். டிஷ் வைத்தவர் பாடும் அப்படித்தான். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யைப் பிடித்துத் தொங்கினால் போதும், டிஷ் இம்மி திரும்பிவிடும். திரையில் ‘நோ சிக்னல்’. இந்தத் தொல்லைக்குத்தான் இப்பக்கத்து வீடுகளில் ஃபயர் டிவி ஸ்டிக் வாங்குகிறார்கள். நானும் வாங்கி மாட்டினேன்.

கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டு. டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருந்தால் செருகி, வைஃபை பாஸ்வேர்டு போட்டால் யூடியூபும் ஓடிடி செயலிகளும் வந்துவிடும். 2006-இல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அதில் எச்டிஎம்ஐ கிடையாது. ஏவி கன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். எழுத்து படிக்க முடியாமல் கண் வலிக்கும், வேண்டாம். ஐந்து, ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய ஸ்மார்ட் டிவி மந்தமாகிவிட்டதே, புதிதாக வாங்கலாமா என்று யோசிப்பவருக்குத்தான் இது சரியான பொருள். ஐந்தாயிரம் ரூபாய்க்குள் டிவி மறுபடி சுறுசுறுப்பாகும்.

கூட வரும் அடாப்டரை அலட்சியமாகப் பெட்டியிலேயே விட்டுவிட்டு, டிவியின் யுஎஸ்பி துளையில் ஒயரைச் செருகுவது நம் ஊர் வழக்கம். பல டிவிகளின் யுஎஸ்பி அரை ஆம்பியர்தான் கொடுக்கும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியர் வேண்டும். படம் பாதியில் ஸ்டிக் தானாக அணைந்து எழுந்தால் கடைக்காரரைத் திட்டுமுன் இதைப் பாருங்கள்.

குறைகள் உண்டு. ரேம் 1 ஜிபி, சேமிப்பு 8 ஜிபி. நாலைந்து செயலிக்கு மேல் ஏற்றினால் திணறும். முகப்பைத் திறந்ததும் பாதித் திரை விளம்பரம். அலெக்சாவுக்கு ஆங்கிலமும் இந்தியும்தான். பாட்டி தமிழில் பாட்டுக் கேட்டால் வேறு எதையோ கொண்டுவந்து நிறுத்தும். ஆனால் புளூடூத் ஹெட்போனை நேராக இதில் இணைக்கலாம் என்பது இந்தப் பகுதிக்குப் பெரிய வசதி. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தியானத்தில் உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் நீங்கள் சண்டைப் படம் பார்ப்பீர்கள். ஒட்டிக் கட்டிய வீடுகளில் சப்ஊஃபர் வைத்த சவுண்ட்பார் வேண்டவே வேண்டாம். அதன் அதிர்வு சுவர் வழியாகவே போகும், ஒலியைக் குறைத்தாலும் முழுக்க அடங்காது. வசனம் தெளிவாகக் கேட்காததுதான் குறை என்றால் சப்ஊஃபர் இல்லாத சின்ன சவுண்ட்பார் போதும். டிவியில் ‘ஏஆர்சி’ என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் ஒரே ஒயரில் மாட்டிவிடலாம்.

ஸ்டிக் தோற்கும் இடம் நேரலை. திருவண்ணாமலையில் அதைச் சோதிக்கக் கார்த்திகை தீபத்தைவிட நல்ல நாள் இல்லை. மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியதும் மொட்டை மாடியில் “அரோகரா” என்று கத்துகிறார்கள். கூடத்தில் ஸ்டிக் வழியாக ஓடும் யூடியூப் நேரலையில் இன்னும் கோயில் வாசலைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேபிளில், முன்பு பொதிகையாக இருந்த டிடி தமிழிலும் தாமதம் இருக்கிறது. ஆனால் அது சில நொடிதான். இணையத்தில் படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி அனுப்பி, இந்தப் பக்கம் சில துண்டுகள் சேர்ந்த பிறகே ஓட்டுகிறார்கள். அரை நிமிடம் பிந்துவது சாதாரணம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் கொடுமை: பக்கத்து வீட்டார் கைதட்டிய பிறகுதான் உங்கள் வீட்டில் பந்தே வீசப்படும்.

குரங்குக் கதைக்கு வருகிறேன். ஃபைபர் இணைப்பும் ஒயரில்தான் வருகிறது. அதையும் அவை விடுவதில்லை. ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடம்வரை பிவிசி குழாய்க்குள் விட்டு, சுவரோடு கிளாம்ப் அடிக்கச் சொல்லுங்கள். மின்வெட்டில் டிவி போனாலும் பரவாயில்லை, வைஃபை நிற்க வேண்டும் என்பவர்கள் ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கலாம்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. மலை மறைக்காதா என்று கேட்கிறார்கள். மறைக்காது. ஆசிரமப் பகுதிக்கு மலை வடக்கே. ஃப்ரீ டிஷ்ஷின் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குத் தென்கிழக்கே, வானத்தில் நல்ல உயரத்தில் இருக்கிறது. மறைத்தால் எதிர்வீட்டுத் தென்னை மறைக்கும். தமிழ்ச் சானல்கள் குறைவு என்பதால் சீரியல் பார்க்கும் வீட்டுக்கு அது ஒத்துவராது.

பக்தர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு ஸ்டிக் மிக நல்லது. ஆந்திராவிலிருந்து வருபவர் தெலுங்கு பார்ப்பார், ஜெர்மன்காரர் ஜெர்மன் பார்ப்பார், நீங்கள் தனித்தனிப் பேக்கேஜ் போட வேண்டியதில்லை. உங்கள் சொந்தக் கணக்கை மட்டும் அதில் போட்டு வைக்காதீர்கள். விருந்தாளி காலி செய்ததும் செட்டிங்ஸில் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிடுங்கள்; அவர் கணக்கும் உங்களிடம் தங்காது.

வாடகை அறைக்கும், பழைய ஸ்மார்ட் டிவிக்கும் தயங்காமல் வாங்கலாம். வீட்டில் சீரியல் பார்க்கும் பெரியவர்களோ கிரிக்கெட் பைத்தியமோ இருந்தால் ஸ்டிக்கையும் வாங்குங்கள், கேபிள் இணைப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.